கறுப்புப் பானையின் வயது

மெக்சிகோவின் தெற்கே வஹாகா என்றொரு மாநிலம். தலைநகருக்கும் அதே பெயர். அந்த நகரத்துக் கைவினைக் கடை எதில் நுழைந்தாலும் நான்கு பொருள்கள் கண்ணில் படும். பளபளவென்று மின்னும் கறுப்புப் பானை. சிறகும் கொம்பும் முளைத்து, உடம்பெல்லாம் வண்ணப் புள்ளி வைத்த மர விலங்கு. படிப்படியாக மடங்கும் கோலம் நெய்த கம்பளி விரிப்பு. மரப்பட்டைத் தாளில் வரைந்த கிராமத்துத் திருவிழா. நான்கைப் பற்றியும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: எல்லாம் முன்னோர் காலத்தது. சுற்றுலாப் பயணி நம்பிவிடுகிறார். நம்புவதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்!

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. பானை வனையும் முறை இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியது, அதன் பளபளப்புக்கு எழுபது வயதுதான் ஆகிறது. விரிப்பின் கோலம் மித்லா என்ற பழைய கோயில் நகரத்தின் கல்சுவரில் இருப்பது, கம்பளியோ ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆட்டின் ரோமம். தாள் பழையது, அதன்மேல் உள்ள ஓவியம் 1960களில் பிறந்தது. அந்த மர விலங்கின் கதை இன்னும் வேடிக்கை.

மெக்சிகோ நாட்டுப்புறக் கலைகளின் வேர் ஆஸ்டெக், மாயா, சபோதெக், மிஸ்தெக் நாகரிகங்களில் இருக்கிறது என்று எல்லாப் புத்தகங்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த வேர் இன்றைய கைகளுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. சில இடங்களில் அது அறுபடாமல் வந்தது. சில இடங்களில் ஒளிந்து வந்தது. ஓரிடத்தில் முழுதாக அறுந்து, ஐந்நூறு ஆண்டு கழித்து விறகு பொறுக்கும் ஒரு பையன் கையில் முளைத்தது.

தண்ணீர் நிற்காத பானை

வஹாகா நகரத்திலிருந்து தெற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் சான் பார்தோலோ கொயோதெபெக். சபோதெக் குயவர்களின் ஊர். இங்கே மரபுவழி வேலையில் சக்கரம் கிடையாது. ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் இன்னொரு தட்டை நிமிர்த்தி வைக்கிறார்கள். மேல்தட்டில் மண். ஒரு கை தட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொரு கை வனைகிறது. ஐரோப்பியர் காலடி படும்வரை அமெரிக்கக் கண்டத்துக் குயவர்களுக்குச் சக்கரம் தெரியாது. ஆனால் சக்கரம் வைத்த மண்பொம்மைகள் மெக்சிகோவின் கிழக்குக் கரைப் பக்கம் தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. பொம்மைக்குச் சக்கரம் வைத்தவர்கள் பானைக்கு ஏன் வைக்கவில்லை என்பது தொல்லியலாளர்கள் இன்னும் தலையைச் சொறியும் விஷயம்.

சூளை என்பது தரையில் தோண்டிய குழி. தீ நன்றாகப் பிடித்து, பானைகள் தேவையான அளவு வெந்ததும், குழியின் வாயையும் புகை போகும் வழியையும் சேறு பூசி அடைத்துவிடுகிறார்கள். காற்று இல்லாமல் உள்ளேயே புகை சூழ்ந்துகொள்ள, மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவப்பாக மாறும் வழியின்றிக் கறுக்கிறது. கி.மு. 500 வாக்கில் எழுந்த சபோதெக் மலைநகரமான மோன்தே அல்பானில் கிடைக்கும் சாம்பல்நிறப் பாண்டங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

பல நூற்றாண்டு காலம் இந்த ஊர்ப் பானைகள் மங்கிய சாம்பல் நிறத்திலேயே இருந்தன. தட்டினால் கணீரென்று ஒலிக்கும். தண்ணீரும் மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயமும் அவற்றில்தான் ஊர் ஊராகப் போயின. 1950களில் ரோசா ரெயால் என்ற குயவப் பெண் ஒரு வேலை செய்தார். பானை முழுதாக உலரும் முன்பே அதன் மேனியைப் படிகக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டில் சுட்டார். வெளியே வந்தது கன்னங்கரிய, மினுமினுக்கும் பானை. 'தோன்யா ரோசா' என்று உலகமே அறிந்த அந்த அம்மா 1980ல் இறந்தார். அதற்குள் ஊரின் பிழைப்பே மாறியிருந்தது.

ஆனால் பளபளப்புக்காகச் சூட்டைக் குறைத்ததால் புதுப் பானையில் தண்ணீர் நிற்பதில்லை, கசிந்துவிடும். கிணற்றடியில் இருந்த பானை வரவேற்பறைக்குப் போய்விட்டது. பிளாஸ்டிக் குடம் வந்துவிட்ட பிறகு தண்ணீர்ப் பானையை மட்டும் நம்பியிருந்தால் ஊர் பட்டினிதான் கிடந்திருக்கும். அந்த வகையில் தோன்யா ரோசா செய்தது பெரிய காரியம். இருந்தாலும், கண்ணைக் கட்டிவிட்டு இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால், நான் தட்டிப் பார்த்து அந்த மங்கல் பானையைத்தான் எடுப்பேன்.

காய்ச்சலில் வந்த விலங்கு

அந்தப் புள்ளி வைத்த விலங்குக்குப் பெயர் அலெப்ரிஹே. 2017ல் வந்த 'கோகோ' அனிமேஷன் படத்தில் ஆவியுலகத்து வழிகாட்டிகளாகப் பறந்து திரிந்தவை இவைதான். படம் பார்த்த உலகம் இவற்றை ஆஸ்டெக் காலத்துத் தெய்வங்கள் என்றே நினைத்துக்கொண்டது.

உண்மையில் இவை பிறந்த ஆண்டும் தெரியும், பிறப்பித்தவர் பெயரும் தெரியும். பெத்ரோ லினாரெஸ், மெக்சிகோ நகரத்துக்காரர். காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி உருவம் செய்யும் தொழிலாளி. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை தெருவில் வெடி வைத்துக் கொளுத்தும் யூதாஸ் பொம்மைகள் செய்து பிழைத்தவர். 1936ல் கடும் நோயில் விழுந்து நினைவு தப்பிக் கிடந்தபோது கனவில் ஒரு காடு. சிறகு முளைத்த கழுதை, காளைக்கொம்பு வைத்த சேவல், நாய்த்தலைச் சிங்கம் எல்லாம் 'அலெப்ரிஹே, அலெப்ரிஹே' என்று கத்தினவாம். பிழைத்து எழுந்தவர் அவற்றைக் காகிதத்தில் செய்யத் தொடங்கினார். ஓவியர்கள் தியேகோ ரிவேரா, ஃப்ரீதா காலோ வீட்டுக்கும் இவர் செய்த பொம்மைகள் போயின. 1990ல் நாட்டின் உயரிய கலை விருதைப் பெற்றுவிட்டு, 1992ல் காலமானார்.

காகித விலங்கு வஹாகாவுக்கு வந்து மரமானது பிறகுதான். மோன்தே அல்பான் மலையடிவாரத்து அரசோலா கிராமத்தில் மானுவேல் ஹிமேனெஸ் என்ற சிற்பி கோப்பல் மரத்தில் உருவங்கள் செதுக்கி விற்றுக்கொண்டிருந்தார். அவர் கைவண்ணமும் லினாரெஸின் கற்பனையும் கலந்து இன்றைய மர அலெப்ரிஹே உருவானது. பக்கத்து ஊர்கள் பார்த்துப் பிடித்துக்கொண்டன. இப்போது ஊருக்கு ஊர் பட்டறை.

அப்படியானால் வேர் என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது, நாம் தேடும் இடத்தில் இல்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு விலங்கு துணையுண்டு, சூனியம் கற்றவன் அந்த விலங்காகவே மாறிவிடுவான் என்ற நம்பிக்கை கொலம்பஸுக்கு மிக முந்தியது. செதுக்கும் கோப்பல் மரத்தின் பிசினைத்தான் ஸ்பானியர் வரும் முன்பு கோயில்களில் புகைத்தார்கள். இன்றும் இறந்தோர் தினத்தில் படையலுக்கு முன்னால் அதுவே புகைகிறது. நம்பிக்கை பழசு, மரம் பழசு, உருவம் நேற்றையது.

இறந்தோர் தினம் என்றதும் இன்னொன்று. மெக்சிகோ நகர வீதியில் நவம்பரையொட்டி மண்டையோட்டு வேடத்துடன் போகும் பிரமாண்ட ஊர்வலத்தைப் பார்த்து, 'ஆஹா, என்ன தொன்மை!' என்று வியப்பவர்கள் ஏராளம். 2015ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனையாகப் படமெடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு 2016ல் அரசே நிஜமாக நடத்த ஆரம்பித்தது. வீட்டுக்குள் படையல் வைக்கும் மரபு வேறு. அது உண்மையிலேயே ஆழமானது.

அரசு கண்டெடுத்த 'மக்கள் கலை'

பானையும் பொம்மையும் 'தேசத்தின் சொத்து' ஆனதற்கும் தேதி உண்டு. 1910ல் புரட்சி வெடிக்கும் வரை மெக்சிகோவின் மேல்தட்டுக்கு அழகு என்றால் பாரிஸ். பத்தாண்டு ரத்தக்களரி முடிந்து, விடுதலையின் நூற்றாண்டு விழா 1921ல் வந்தபோது புதிய அரசுக்கு ஒரு புதிய முகம் தேவைப்பட்டது. ரொபெர்த்தோ மோன்தெநேக்ரோ, ஹோர்ஹே என்சிசோ என்ற இரு ஓவியர்கள் கிராமத்துக் கைவினைப் பொருள்களைத் திரட்டித் தலைநகரில் கண்காட்சி வைத்தார்கள். 'டாக்டர் ஆத்ல்' என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் ஹெரார்தோ முரில்யோ அதற்கு விரிவான நூல் எழுதினார். சந்தையில் காசுக்கு நாலாக விற்ற சட்டிக்கு அன்று மரியாதை வந்தது. 'பண்டைய பெருமையின் தொடர்ச்சி' என்ற சொல்லாடலும் அன்றிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் இன்று சொல்லும் வாசகம் ஒருவகையில் அந்த அரசு எழுதிக் கொடுத்ததுதான்.

ஒளிந்து வந்த தாள்

அரசின் கண்ணில் படாமல், படக்கூடாது என்றே வாழ்ந்த கலையும் உண்டு. மரப்பட்டைத் தாளான அமாத்தே அப்படிப்பட்டது.

ஸ்பானியர் வரும் முன் நடு மெக்சிகோவில் தாள் என்றால் அத்தி இனத்து மரங்களின் உட்பட்டையை அடித்துச் செய்த இந்தத் தாள்தான். அரசாங்கக் கணக்கு, நில வரைபடம், பஞ்சாங்கம், குலவரலாறு எல்லாம் இதில் எழுதினார்கள். ஆஸ்டெக் பேரரசுக்குக் கப்பமாக ஆண்டுதோறும் 480,000 தாள்கள் வந்ததாக 'மெந்தோசா சுவடி' காட்டும் கணக்கைக் கூட்டிச் சொல்கிறார்கள். அத்தனையும் எழுதுவதற்கு அல்ல. தெய்வத்துக்கு உடுத்தவும், ரத்தம் தெளித்துப் படைக்கவும், எரிக்கவும் தாள் வேண்டியிருந்தது.

பாதிரியார்களுக்கு உறுத்தியது அதுதான். சுவடிகள் எரிந்தன. யுகாத்தான் பகுதியில் 1562ல் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரி மூட்டிய நெருப்பு பேர்போனது. மாயா மக்களின் எழுத்துச் சுவடிகளில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. தாள் செய்வதும் தடையானது. எழுத ஐரோப்பியத் தாள் வந்துவிட்டதால் பழைய தாளுக்கு வேலையும் இல்லை. எங்கும் அழிந்துபோனது.

சான் பப்லீத்தோவில் மட்டும் அழியவில்லை. பியூப்லா மாநிலத்தின் வடக்கு மலைத்தொடரில், செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓதோமி மக்களின் கிராமம் அது. படைவீரனும் பாதிரியும் எளிதில் ஏற முடியாத இடம். அங்கே தாள் ஒரு பூசைப் பொருளாகத் தொடர்ந்தது. பூசாரி தாளை மடித்துக் கத்தரிப்பார். விரித்தால் கைகளை உயர்த்தி நிற்கும் ஓர் உருவம். மக்காச்சோளத்தின் ஆவி, அவரையின் ஆவி, மிளகாயின் ஆவி என்று ஒவ்வொரு விதைக்கும் ஓர் உருவம். தலையில் அந்தந்தப் பயிரே முளைத்திருக்கும். பிற்பாடு காப்பி வந்ததும் காப்பிக்கும் ஓர் ஆவி சேர்ந்துகொண்டது. விளைச்சலுக்கு, நோய் தீர, சில நேரம் அடுத்தவனுக்குக் கெடுதல் வைக்க. கடைசி வேலைக்குக் கறுத்த பட்டைத் தாள்.

செய்முறையில் பெரிய மாற்றம் இல்லை. பட்டையைச் சாம்பல் கரைத்த நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைப்பார்கள். நார் இளகியதும் பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாய்ப் பரப்பி, உள்ளங்கையளவு எரிமலைக் கல்லால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க நாரின் இடைவெளி மூடித் தாளாகிவிடும். பசை வேண்டாம். பலகையோடு வெயிலில் வைத்தால் போதும். அந்த ஊர்ச் சந்துகளில் நடந்தால் நாள் முழுக்கக் கல் அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும் என்று போய் வந்தவர்கள் எல்லோருமே எழுதியிருக்கிறார்கள்.

1960களில் திருப்பம். தெற்கே கெர்ரேரோ மாநிலத்தில் நாவா இனத்துக் குயவர்கள் பானையில் பறவையும் பூவும் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பானை கனம், பேருந்தில் போனால் உடையும். தலைநகரத்துக் கலை வியாபாரிகள் சிலர் அவர்களிடம் சான் பப்லீத்தோ தாளைக் கொடுத்துத் தீட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், உடையாது. சில ஆண்டுகளில் பூவும் பறவையும் போய், உழவு, திருமணம், சாவு, சந்தை என்று கிராமத்து வாழ்க்கையே தாளில் ஏறியது. ஓதோமிகளின் தாள், நாவாக்களின் ஓவியம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. 'பண்டைய ஆஸ்டெக் ஓவியம்' என்று கடையில் தொங்குவது இரண்டு தலைமுறைக்கு முந்தைய இந்தக் கூட்டணி. இதே ஓவியர்கள் 1990ல் தங்கள் ஊர்களை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பியபோது, அமாத்தே ஓவியமே சுவரொட்டியானது. அணை வரவில்லை.

விற்பனை பெருகியதற்கு விலை உண்டு. பழைய அத்தி மரங்கள் போதாமல் வேறு மரங்களைத் தேடி வெகுதூரம் போகிறார்கள். சாம்பல் நீருக்குப் பதில் காஸ்டிக் சோடா வந்துவிட்டது. கழிவு ஓடையில் இறங்குகிறது.

பால் கறக்கும் சாயம்

வஹாகாவின் பசிபிக் கரைப் பாறைகளில் ஒரு கடல்நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். அலை விலகும் நொடியில் அதைப் பெயர்த்தெடுத்து, இலேசாக அழுத்தினால் பால்போல் ஒரு திரவம் சுரக்கும். கையில் சுற்றிய பருத்தி நூலில் அதைத் தேய்த்துக்கொண்டு, நத்தையை ஈரப் பாறையிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள். வெயில் படப்பட நூல் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் ஊதாவாக நின்றுவிடும். அதன்பின் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இதைச் செய்பவர்கள் பினோதேபா தெ தோன் லூயிஸ் என்ற ஊரின் மிஸ்தெக் ஆண்கள். அதே ஊர்ப் பெண்கள் அந்த நூலை இடுப்புச் சேலையில் கோடுகளாக நெய்கிறார்கள். நத்தையின் ஊதா, அவுரியின் நீலம், கொச்சினீலின் சிவப்பு: மூன்று கோடு.

மத்தியதரைக் கடலில் ரோமானிய மன்னர்களுக்கு ஊதா எடுத்தவர்கள் நத்தையை நசுக்கிக் கொன்றுதான் எடுத்தார்கள். மிஸ்தெக் முறையில் நத்தை சாவதில்லை. சுமார் ஒரு மாதம் விட்டு மீண்டும் அதையே கறக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாத ஒரு ஜப்பானிய நிறுவனம் 1980களில் வந்து ஆள் வைத்து ஓயாமல் கறந்ததில் நத்தை இனமே அருகிப்போனது. மிஸ்தெக் மக்கள் போராடி, 1988ல் அரசு ஆணையால் அந்த நத்தைக்குப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று பாறையேறிச் சாயமெடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிவப்பைச் சொல்லாமல் விட முடியாது. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பொடிபோல் அப்பிக்கிடக்கும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்தால் ரத்தச் சிவப்பு. ஸ்பானியர்களுக்கு மெக்சிகோ தந்த செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆங்கிலேயருக்கு அதில் பொறாமை. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1780களின் இறுதியில் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுக் கொச்சினீல் வளர்க்கப் பார்த்தார். பிறகு வந்து சேர்ந்ததோ மட்டமான காட்டுப் பூச்சி. சாயம் தேறவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. மெக்சிகோவின் சிறந்த பூச்சி காட்டில் தானாக வருவதல்ல. வஹாகா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம்.

அந்த இடுப்புச் சேலையை நெய்யும் தறியும் பழையது. ஒரு முனையை மரத்தில் கட்டி, மறு முனையை நெய்பவள் தன் இடுப்பில் வாரால் பூட்டிக்கொள்கிறாள். முன்னே சாய்ந்தால் பாவு தளரும், பின்னே சாய்ந்தால் இறுகும். தறிக்குச் சட்டம் அவள் உடம்புதான். யுகாத்தான் கரையருகே ஹைனா தீவில் கிடைத்த ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மாயா மண்பொம்மை ஒன்று இதே தறியில் உட்கார்ந்து நெய்கிறது. யாஷ்சிலான் நகரத்துக் கல்லில் செதுக்கிய மாயா அரசியின் மேலாடையில் உள்ள சாய்சதுரக் கோலத்துக்கும், சியாப்பாஸ் மலையூர்ப் பெண்கள் இன்று நெய்யும் கோலத்துக்கும் உள்ள ஒற்றுமையைத் துணி ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள்.

இந்தக் கோலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இப்போது சூடுபிடித்திருக்கிறது. சாந்தா மரியா த்லாவித்தோல்தெபெக் ஊர்ப் பெண்களின் ரவிக்கையைப் போலவே பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஒருவர் ரவிக்கை விற்றது 2015ல் பெரிய சர்ச்சை. பழங்குடிகளின் பண்பாட்டுச் சொத்தை அவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 2022ல் சட்டமே வந்தது. அப்படியும் 2025ல் அடிடாஸ் நிறுவனம் யலாலாக் ஊரின் தோல் செருப்புப் பின்னலை எடுத்துக் காலணி செய்து, ஆகஸ்டில் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டது. சட்டம் நல்லதுதான். ஆனால் ஒரு கோலம் ஐந்து ஊருக்குப் பொதுவாக இருந்தால் அனுமதி தரும் ஊர் எது? ஊர் சார்பில் கையெழுத்துப் போடுபவர் யார்? வழக்கு என்று வரும்போதுதான் இந்தச் சட்டத்தின் பலம் தெரியும்.

விறகு பொறுக்கிய பையன்

வடக்கே, அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில், சிவாவா மாநிலத்தின் வறண்ட நிலத்தில் பக்கிமே என்ற மண்கோட்டை நகரம் இடிந்து கிடக்கிறது. கி.பி. 1450 வாக்கில் கைவிடப்பட்டது. அதன் பானைகள் வெளிர் மேனியில் கறுப்பும் சிவப்புமாய் மெல்லிய கோடுகள் தீட்டியவை. மக்கள் போனார்கள், கலையும் போனது. சொல்லித்தர யாரும் மிச்சமில்லை.

அருகே மாத்தா ஓர்தீஸ் என்ற சின்ன ஊர். ரயில் பட்டறையை நம்பியிருந்து, அது போனபின் நொடித்த ஊர். 1940ல் பிறந்து அங்கே வளர்ந்த ஹுவான் கெசாதா என்ற பையன் கழுதையோடு மலைக்கு விறகு பொறுக்கப் போவான். வழியெல்லாம் பழைய பானை ஓடுகள். எடுத்துப் பார்த்தான். இந்த மண் எங்கிருந்து வந்திருக்கும்? இந்தக் கறுப்பு எந்தக் கல்? ஊரில் குயவர் ஒருவரும் இல்லை, கேட்க ஆள் இல்லை. தானே மண் குழைத்துப் பானை செய்தால் உலரும்போது வெடித்தது. உடைந்த பழைய ஓட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தபோது உள்ளே பருக்கை மணல் தெரிந்தது. மண்ணில் மணல் கலந்தான், வெடிப்பு நின்றது. சொல்லிக்கொடுத்தது ஓடுதான். மெல்லிய கோட்டுக்குக் குழந்தைகளின் தலைமுடியில் தூரிகை கட்டிக்கொண்டான். சுடுவதற்குச் சூளை இல்லை. பானையைக் கவிழ்த்து மூடி, மாட்டுச் சாணத்தைச் சுற்றி அடுக்கித் தீ வைத்தான். சரியாக வர ஆண்டுக்கணக்காயிற்று.

1976ல் ஸ்பென்சர் மக்கல்லம் என்ற அமெரிக்க மானுடவியலாளர் நியூ மெக்சிகோவில் டெமிங் என்ற ஊரின் பழைய பொருள் கடையில் மூன்று பானைகளைப் பார்த்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. செய்தவரைத் தேடி எல்லை தாண்டி வந்து, கேட்டுக் கேட்டு மாத்தா ஓர்தீஸில் கெசாதாவின் வாசலில் நின்றார். மாதாமாதம் பணம் தருகிறேன், விற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் நன்றாகச் செய் என்றார். கெசாதா செய்ததோடு நிற்கவில்லை. தம்பி தங்கைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் இன்று நூற்றுக்கணக்கானோர் பானை செய்கிறார்கள். 1999ல் அவருக்கும் நாட்டின் கலை விருது கிடைத்தது. 2022 டிசம்பரில் இறந்தார்.

பக்கிமே மக்களுக்கும் கெசாதாவுக்கும் குலத்தொடர்ச்சி எதையும் யாரும் காட்டவில்லை. அவர் குடும்பமே வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியது. 'அறுபடாத மரபு' என்ற அளவுகோலை வைத்தால் இந்தப் பானைகள் தேறா. ஆனால் தோன்யா ரோசாவின் பானையைவிட, காகிதத்திலிருந்து மரத்துக்குத் தாவிய அலெப்ரிஹேயைவிட, பழைய குயவனின் விரல் நுட்பத்துக்கு அருகே போனவர் இவர்தான் என்பேன். எவ்வளவு அருகே என்றால், தொடக்க காலத்தில் சில வியாபாரிகள் அவர் பானையை மண்ணில் புரட்டி அழுக்காக்கி, தோண்டியெடுத்த பழம்பொருள் என்று விற்றுவிட்டார்கள். அதனால்தான் அவர் தன் பானையின் அடியில் பெயரை எழுதத் தொடங்கினார். ஊரில் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். இளையவர்கள் பலர் இப்போது பக்கிமே கோடுகளையே விட்டுவிட்டு மீனும் பல்லியும் தங்களுக்குத் தோன்றியதுமாகத் தீட்டுகிறார்கள். பெயர் மட்டும் தவறாமல் அடியில் இருக்கிறது.